டைமரைக் கழட்டி வையுங்கோ

ட்ராக் டேக்குப் போட்டு வாற பெடியளைப் பாருங்கோ. ஹெல்மெட்டைக் கழட்ட முதலே கேள்வி வரும்: "மச்சான், லாப் டைம் எவ்வளவு?" பந்தயத்தில இறங்க ஆசைப்படுற ஒருத்தரைக் கெடுக்க இந்த ஒரு கேள்வியே போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்பம். 30 மீற்றர் வளைவொன்றை மணிக்கு 60 கிலோமீற்றரில் கடக்க 1.8 செக்கன் எடுக்கும். உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு 65இல் கடந்தால் 1.66 செக்கன். மிச்சம் 0.14. ஆனால் அந்த அவசரத்தில வண்டி வெளிப்பக்கம் தள்ளுப்படும், திரொட்டில் திறக்கப் பிந்தும். பிறகு வாற 500 மீற்றர் நேர்ப்பாதையில சராசரி 155இல் போகவேண்டிய நீங்கள் 150இல் போவீங்கள். 11.6 செக்கன் 12 ஆகும். 0.14ஐப் பிடிக்கப் போய் 0.4ஐப் பறிகொடுத்தாச்சு. இதை டைமர் சொல்லாது. நேரம் போனதைச் சொல்லும். எந்த வளைவில, ஏன் போனது எண்டு சொல்லாது.

கீத் கோட் 1983இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஓட்டுநரின் கவனத்தைப் பத்து டொலர் காசுக்கு ஒப்பிட்டார். ஒன்றில் செலவழித்தால் மற்றதுக்கு மிச்சம் குறையும். அந்தக் காசில பாதியை டைமருக்குக் குடுத்துப்போட்டு, பிரேக் பிடிக்கிற இடத்தையும் வளைவு முடியிற இடத்தையும் எதால பார்க்கிறது?

"விழுந்தாத்தான் எல்லை தெரியும்" எண்டு சில அண்ணாமார் சொல்லுவினம். விசர்க்கதை. விழுந்தவனுக்குத் தெரியிறது வைத்தியசாலைச் செலவு. பின்னால வாறவனும் சேர்ந்து விழலாம் எண்டதை ஏன் ஒருத்தரும் சொல்லுறதில்லை? சைலன்சர் மாத்துறதும் இதே கதைதான். சத்தம் கூடும், பிழையான பாதை பிழையாத்தான் இருக்கும். அந்தக் காசை நல்ல டயருக்கும் பிரேக் பாட்டுக்கும் இன்னொரு நாள் ஓடுறதுக்கும் போடுங்கோ.

பந்தயம் ஒரு சுற்றோட முடியிறதில்லை. எட்டுச் சுற்றில் ஒன்றை 80 செக்கனிலும் மிச்சம் ஏழையும் 83 செக்கனிலும் ஓடுறவருக்கு மொத்தம் 661 செக்கன். எட்டையும் 81இல் ஓடுறவருக்கு 648. மற்றவரின் "பெஸ்ட் லாப்" இவரிடம் இல்லை. ஆனால் 13 செக்கன் முன்னால நிற்பார்.

அப்ப நேரமே பார்க்கக்கூடாதா? பாருங்கோ, இறங்கின பிறகு. கட்டுக்குருந்தையோ, சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையோ, எங்க ஓடினாலும் ஒரு செஷனுக்கு ஒரு வேலை: முதலில் பாதை, பிறகு பார்வை, பிறகு பிரேக்கை மெல்ல மெல்ல விடுறது. ஓடி முடிய ஒருத்தரிட்ட எல்லாச் சுற்றின்ர நேரத்தையும் கேட்டு வாங்குங்கோ. பத்துச் சுற்றும் ஒரு செக்கனுக்குள்ள அடங்கினால் பந்தயத்துக்குப் பெயர் குடுக்கிறதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரைக்கும், ஆராவது "லாப் டைம் எவ்வளவு?" எண்டு கேட்டால், "எத்தனை சுற்றின்ர?" எண்டு திருப்பிக் கேளுங்கோ.