பகல் மின்சாரமும் பாசனக் கிணறும்

கள்ளக்குறிச்சிச் சீமையில் கவலை கட்டி நீர் இறைத்த காலத்தில், மாடுகளின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. விடியுமுன் பூட்டிய மாடுகள் வெயில் ஏறியதும் அவிழ்க்கப்படும். அதன்பின் ஊற்றுக்கு ஓய்வு. மோட்டாருக்கோ களைப்பு இல்லை. 1990-ம் வருஷம் முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்பு செட்டு மின்சாரம் இலவசமானபின் அதைத் தடுக்கச் செலவும் இல்லை. இவ்விஷயத்தை மனத்தில் வைத்தே இனி வரும் மின்சார ஏற்பாட்டை யோசித்தல் வேண்டும்.

பைக்காராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும் நீர்விசை மின்சாரம் உற்பத்தியாயிற்று. அணையில் நீர் நிற்குமளவும் வேண்டிய நேரத்தில் திறந்து சக்தி பெறலாம். சூரியனுக்கும் காற்றுக்கும் மதகு இல்லை. முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் வைகாசி முதல் புரட்டாசி வரை மும்முரமாய்ச் சுழன்று, பின்னர் தளர்ந்துவிடும். 2016-ல் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் சூரிய நிலையம் பொழுது சாய்ந்ததும் ஓய்ந்துவிடும். வீட்டு விளக்குகள் எரியத் தொடங்குவதும் அவ்வேளையிலேதான். மிஞ்சிய சக்தியைச் சேமிக்க, ஆனைமலையிலுள்ள கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் மேல் ஆழியாற்று நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுகிறது. இவ்விதமான இடங்கள் எங்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் பம்பு செட்டு எங்கும் உண்டு. விளக்கு இரவில்தான் எரிய வேண்டும். பயிருக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. ஆகையால் வெயில் மிகுந்த வேளையில் உண்டாகும் சக்தியைப் பாசனத்திற்கு ஒதுக்குவதே சிக்கனமான வழி. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிச் சூரியசக்தி குன்றினாலும், மழை பெய்யும் அந்நாட்களில் இறைக்கும் வேலையும் குறையும். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்தபோது, கரும்புத் தோட்டத்தில் பாம்புக்கு அஞ்சியபடி மடை மாற்றிய குடியானவருக்குப் பகல் மின்சாரத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பகலில் பாய்ச்சினால் நீர் ஆவியாகும் என்று சிலர் ஆட்சேபிப்பர். அது மெய்யே. எனினும் சொட்டுநீர் அமைத்தவருக்கு இந்நஷ்டம் சொற்பம். மற்றவர் பகலில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மாலையில் வாய்க்காலில் திறந்துவிடலாம். மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது எளிது.

கல்வராயன் மலைமேல் நிலை வேறு. சிதறிய சிற்றூர்களுக்குக் காட்டினூடே கம்பி இழுப்பதும், காற்றில் மரம் விழும்போதெல்லாம் அதைச் செப்பனிடுவதும் செலவு மிக்கவை. அங்கே ஓடையருகில் தனித்த சிறு சூரியப் பம்பே ஏற்றது.

உண்மையான அபாயம் சமவெளியில்தான் இருக்கிறது. இப்பகுதியின் கிணறுகள் பாறைக் கிணறுகள். ஊற்று மெதுவாகவே ஊறும். தினமும் வெயில் உள்ளளவும் இலவசமாய் இறைக்கலாமென்றால், கிணறு தாங்காது. குஜராத்தில் கேடா ஜில்லாவைச் சேர்ந்த துண்டி கிராமத்தார் 2016 முதல் கூட்டுறவு முறையில் சூரியப் பம்புகளை மின்கம்பியுடன் இணைத்து, தாங்கள் உபயோகிக்காத சக்தியை மின்சாரக் கம்பெனிக்கு விற்கலாயினர். நீரை எடுக்காமல் விடுவதற்கும் அவர்களுக்கு வரும்படி கிடைத்தது. 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்திலும் இதற்கு இடம் வைக்கப்பட்டது.

எல்லாம் அந்த விலையைப் பொறுத்தது. விலை அற்பமாயின், கரும்பு பயிரிடுபவர் நீரைத்தான் எடுப்பார். அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. கள்ளக்குறிச்சிக்கு இம்முறை வருமாயின், விலையை நிர்ணயிப்போர், கிணறு இல்லாத அண்டை வயல்காரர் ஒரு பாய்ச்சலுக்கு என்ன கொடுக்கிறார் என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.