மேடு ஏறாத லாரி

பழைய லாரியை விற்பவர் எவரும், "இது மேடு ஏறாது" என்று சொல்லி விற்பதில்லை. காலி வண்டியாகச் சமதரையில் ஒரு பர்லாங் ஓட்டிக் காண்பிப்பார். ஹாரன் நன்றாயிருக்கிறது, வர்ணம் புதிதாயிருக்கிறது என்று நாமும் திருப்தியடைந்து விடுகிறோம். முதல் நடை வாழைத்தார் ஏற்றிய பிறகுதான் வண்டியின் உண்மைச் சொரூபம் வெளிப்படுகிறது.

குளித்தலைக்கு அருகே வாழை பயிரிடும் நமது தங்கையின் கணவர் சென்ற மாதம் இத்தகைய லாரி ஒன்றை விலை பேசினார். தங்கையின் வளையல்களை அடகு வைத்து முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு. "மச்சான், பணம் கொடுப்பதற்குமுன் நீங்களும் வந்து ஒரு தடவை பாருங்கள்" என்று அழைத்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கும் நமக்கு லாரியைப் பற்றித் தெரிந்தது சொற்பமே. ஆகையால், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். அங்கே நாம்தான் மாணாக்கர், அவர்தான் உபாத்தியாயர்.

காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மெக்கானிக் முதலில் எஞ்சின் மீது கையை வைத்துப் பார்த்தார். சுட்டது! நாம் வருவதற்கு முன்பே யாரோ ஓட விட்டிருக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய 20-ல் 1 பங்காக அழுத்தும்போது உண்டாகும் உஷ்ணத்தினாலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து அழுத்தம் குறைந்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் சிரமப்பட்டே கிளம்பும். சூடான எஞ்சினோ ஒன்றும் அறியாததுபோல் கிளம்பிவிடும். மறுநாள் சொல்லாமலே போனோம். அன்று வண்டி வெகுநேரம் முனகி, வெண்புகையைக் கக்கிய பிறகே கிளம்பிற்று.

அடுத்தபடியாக, நெல் மூட்டைகளை ஏற்றிக் காவேரிக் கரை மேட்டில் ஓட்டச் சொன்னோம். பாதி மேட்டில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. விற்பவர் சிரித்துக்கொண்டே, "ஒன்றுமில்லை, ஸார்! பில்டர் அடைத்திருக்கும். சின்ன வேலைதான்" என்றார்.

அவர் சொன்னது மெய்யாகவும் இருக்கலாம். எஞ்சின் வலுவிழப்பதற்கு மலிவான காரணங்களும் உண்டு. குடும்பத்தையே ஆட்டிவைக்கும் காரணங்களும் உண்டு. மலிவானவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பது மெக்கானிக்கின் சித்தாந்தம். ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தால் பம்பிலுள்ள நெம்புகோல் கடைசிவரை போகிறதா? கரும்புகை மிகுந்தால், காற்று போதவில்லை என்று பொருள். ஏர் பில்டரையும் டர்போவின் ரப்பர்க் குழாயையும் பார்க்க வேண்டும். கரும்புகை இன்றியே பாரத்தில் திணறினால் டீசல் பில்டரைச் சந்தேகிக்கலாம். டாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டாலும் இப்படியே நேரும். மூடியைத் தளர்த்தி ஓட்டினால் தெரிந்துவிடும். எஞ்சின் இரைந்தும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால், வழுக்குவது கிளட்ச். சிறிது தூரம் ஓடியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில், கோளாறு கண்டதும் கம்ப்யூட்டரே வலுவைக் குறைத்து விடுவதுண்டு. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி கிளம்பியபின் அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாவிட்டால், யாரேனும் அதன் வாயை அடைத்திருக்கலாம்!

மெக்கானிக் விற்பவரிடம், "பில்டர்தான் என்றால் இப்பொழுதே மாற்றி ஓட்டிப் பார்ப்போமே, செலவு எங்களுடையது" என்றார். விற்பவரின் சிரிப்பு மறைந்தது. கடை திறந்திராது என்றார். பிறகு, வேறொருவர் வண்டிக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். மெக்கானிக் பதில் பேசாமல், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். சிறிது ஆவி வருவது சகஜம். இங்கேயோ உலைப்பானைபோல் புகை குபுகுபுவென்று வந்தது. சிலிண்டருக்குள் அழுத்தமாயிருக்க வேண்டிய வாயு, ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தாலொழிய விமோசனமில்லை.

வேலை தேவைப்படும் வண்டியை வாங்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. வேலையின் அளவு தெரிந்து, அதற்குத் தக்கபடி விலையும் குறைந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால், "சின்ன வேலைதான்" என்ற வார்த்தைக்கு மட்டும் பணம் கொடுக்கலாகாது. சின்ன வேலையானால், பணம் கைமாறுமுன் அதைச் செய்து மேடேற்றிக் காட்டட்டும்.

மாப்பிள்ளை இன்னும் வாடகை லாரியிலேயே வாழைத்தார் அனுப்பி வருகிறார். அதில் அவருக்குச் சிறிது மனக்குறைதான். தங்கைக்கு அவ்வளவாக இல்லை. வளையல்கள் அவள் கையிலேயே இருக்கின்றன.