தேக்கு மயக்கம்

கல்யாணச் சீருக்கு நாற்காலி வாங்கப் போகும் எந்தக் குடும்பத்திலும் ஒரு பெரியவர் கூட வருவார். நாற்காலியின் முதுகை விரல் முட்டியால் தட்டுவார். ஒரு கையால் தூக்கிக் கனம் பார்ப்பார். "முழு மரமா, பிளைவுட்டா?" என்று கேட்பார். பிளைவுட் என்று பதில் வந்தால் பேரம்கூட ஆரம்பிக்காது. கனமாக இருந்தால் உறுதி, தேக்கு என்றால் மூன்று தலைமுறைக்கு நிற்கும், ஒட்டியது எதுவும் ஒருநாள் பிரியத்தான் செய்யும் என்பவை நம் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசாத விஷயங்கள். கட்டிலுக்கும் நிலைக்கதவுக்கும் ஓரளவு பொருந்தும் இந்த நம்பிக்கை நாற்காலிக்குச் சரிவராது. அச்சில் வளைத்த பிளைவுட் நாற்காலியைப் பொறுத்தவரை இது சுத்த அபத்தம்.

பிளைவுட்டுக்குக் கெட்ட பெயர் சும்மா வந்துவிடவில்லை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைத்த பலகை இரண்டு மழைக்காலத்தில் ஓரம் உப்பி, மாவாக உதிர்வதைப் பார்க்காத வீடு குறைவு. ஆனால் அப்படி உதிர்வது பெரும்பாலும் மரத்தூளைப் பசையோடு அமுக்கிய துகள் பலகை. கடையில் அதுவும் மரநாரை அமுக்கிய எம்.டி.எஃப்-பும் பிளைவுட் என்ற ஒரே பெயரில்தான் விலைபோகின்றன. அசல் பிளைவுட்டிலும், தண்ணீர் படும் இடத்தில் விலை குறைந்த 'கமர்ஷியல்' ரகத்தைப் போட்டுவிட்டு பிளைவுட்டையே திட்டுவது வழக்கம். அந்தப் பழியெல்லாம் நாற்காலியின் தலையில் வந்து விழுகிறது.

வளைத்த நாற்காலி கடையில் அடுக்கி வைத்திருக்கும் எட்டடிப் பலகையை மடக்கிச் செய்வதே இல்லை. மரக்கட்டையிலிருந்து ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீவிய தாள்களை எடுக்கிறார்கள். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் எந்த மரமும் சொன்னபடி வளையும். ஒவ்வொன்றுக்கும் பசை தடவி, ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் வருமாறு அடுக்கி, வளைந்த அச்சுக்குள் வைத்து, சூடேற்றி அழுத்துகிறார்கள். பசை இறுகும்போது வளைவும் நிலைத்துவிடுகிறது. பிறகு அதை நிமிர்த்த நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும்.

குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதற்குக் காரணம் உண்டு. மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. அகலவாக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு, சில மரங்களில் எட்டுப் பங்குவரை சுருங்கும். மழையில் விரிவதும் கோடையில் சுருங்குவதும் அகலவாக்கில்தான். அடுக்குகளை மாற்றி மாற்றி வைத்தால் ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் என்பது உண்மை. ஆனால் தேக்கில் வளைந்த முதுகு வேண்டுமென்றால் ஆசாரி என்ன செய்கிறார்? நேர்ப்பலகையில் வளைவை வரைந்து அறுத்தெடுக்கிறார். வளைவு வரும் இடத்தில் நார் அறுபட்டுக் குட்டையாகிறது, பிளவு விழுவதும் அங்கேதான். அதைச் சரிக்கட்ட அந்த இடத்தைத் தடிமனாக விடுகிறார். பெரியவர் தூக்கிப் பார்த்து மெச்சிய கனத்தில் ஒரு பங்கு அந்தப் பலவீனத்துக்குச் செய்த பரிகாரம்.

பின்லாந்தின் பைமியோ ஊரில் 1933-இல் ஒரு காசநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டியவர் ஆல்வர் ஆல்டோ. அன்றைய நவீனக் கட்டடக் கலைஞர்கள் பலரும் வளைத்த எஃகுக் குழாய் நாற்காலிகளின் மேல் மோகம் கொண்டிருந்த நேரம். மாதக்கணக்கில் உட்கார்ந்தும் படுத்தும் கிடக்கும் நோயாளிக்கு அந்த எஃகு தொட்டால் சில்லிடும், வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும் என்று ஆல்டோ அதை ஒதுக்கினார். துர்க்கு நகரத்து மரப்பட்டறைக்காரர் ஒட்டோ கோர்ஹோனனோடு சேர்ந்து பிர்ச் மரத்தில் ஒரு நாற்காலியை வளைத்தார். இரண்டு பக்கமும் மூடிய வளையங்கள், அவற்றுக்கு நடுவே தொங்குவதுபோல ஒரே தகடான இருக்கை. இருக்கையின் மேல்முனையும் கீழ்முனையும் சுருண்டு வில்லைப்போலக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மெத்தை கிடையாது, அதனால் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடிந்தது. சாய்மானத்தின் கோணம் நோயாளிக்கு மூச்சு விடச் சுலபமாக இருக்கும்படி வைத்தது. தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்த நாற்காலி உற்பத்தியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை தேக்கு நாற்காலி மாதிரிகளுக்கு அந்த ஆயுள் உண்டு என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஆல்டோ 1933-இல் செய்த முக்காலியின் கால் இன்னும் சுவாரசியமானது. கால் முழு பிர்ச் மரம்தான். வளைய வேண்டிய மேல்முனையில் மட்டும் ரம்பத்தால் நீளவாட்டில் பிளவுகள் போட்டு, ஒவ்வொரு பிளவிலும் பசை தடவிய மெல்லிய தகட்டைச் செருகி, பிறகு வளைக்கிறார்கள். இந்தக் காலில் முழு மரமே வளைவதற்கு அந்த இடத்தில் பிளைவுட்டைப்போல அடுக்காக மாறவேண்டியிருக்கிறது. முழுமரக் கட்சிக்காரர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்களோ!

அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி லாஸ் ஏஞ்சலிஸ் வாடகை வீட்டுக்குள்ளேயே அச்சு செய்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து அழுத்தம் கொடுத்துப் பிளைவுட்டை வளைத்துப் பழகினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தக் கைப்பழக்கத்தை வைத்து அமெரிக்கக் கடற்படைக்கு அடிபட்ட காலைத் தாங்கும் பட்டைகளைப் பெரிய அளவில் செய்துகொடுத்தார்கள். இருக்கையும் முதுகும் ஒரே தகடாக வரவேண்டும் என்பது அவர்கள் கனவு. இரண்டும் சந்திக்கும் மடிப்பில், இரண்டு திசையில் ஒரேசமயம் வளையவேண்டிய இடத்தில், தகடு வெடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இருக்கையைத் தனியாகவும் முதுகைத் தனியாகவும் செய்து, நடுவில் ரப்பர் வில்லை வைத்துப் பொருத்தினார்கள். 1940-களின் நடுவில் வந்த அந்தத் தாழ்வான நாற்காலியைத்தான் 1999-இல் டைம் இதழ் நூற்றாண்டின் சிறந்த வடிவமைப்பு என்றது. (இந்தத் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையை ஒட்டித்தான் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. 'பிளைவுட்காரர்' என்று அவர்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.)

அவர்கள் விட்ட முடிச்சை டென்மார்க்கின் ஆர்னே யாகோப்சன் 1952-இல் அவிழ்த்தார். வெடிக்கும் இடத்தில் இருக்கும் மரத்தையே வெட்டி எடுத்துவிட்டார். இடுப்பு ஒடுங்கிய அந்த நாற்காலிக்கு 'எறும்பு' என்று பெயர் நிலைத்தது. 1955-இல் அதன் வாரிசாக வந்த 'செவன்' வரிசை இன்று உலகமெங்கும் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி நிற்கிறது. சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு தகட்டின் மேல் ஆள் சாய்ந்தால் அது வளைந்து இடம்கொடுத்து, எழுந்ததும் பழையபடி நிமிர்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் ஒத்துக்கொள்பவர்களிடமும் இன்னொரு மூடநம்பிக்கை உண்டு: பழையது என்றாலே உசத்தி. ஐம்பதுகளில் செய்த நாற்காலியின் தகடு இன்று பார்த்தாலும் அழகுதான். ஆனால் ரப்பருக்கு அந்த ஆயுள் கிடையாது. 1956-இல் வந்த ஈம்ஸ் சாய்வு நாற்காலியின் முதுகைத் தாங்கும் ரப்பர் வில்லைகள் பல பத்தாண்டுகளில் இறுகிக் கல்லாகி, ஒருநாள் ஆள் சாயும்போது முதுகுத்தகட்டோடு பிய்த்துக்கொண்டு வருவது பழைய பொருள் வியாபாரிகளுக்குத் தெரிந்த சங்கதி. யாகோப்சன் நாற்காலியில் ஒடுங்கிய இடுப்பின் இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும். விரிசல் வந்தால் முதலில் அங்கேதான் வரும். மெழுகு தடவி மறைத்திருந்தால் நகத்தால் வருடினால் தட்டுப்படும். பிரேசில் ஈட்டி மரத்தில் செய்த பழைய நாற்காலிகளுக்கு வேறொரு சிக்கல்: அந்த மரம் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப்பட்டியலில் இருப்பதால், ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது.

நகலும் நிறைய உண்டு. 1963-இல் கிறிஸ்டின் கீலர் என்ற பெண் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற படத்தில் இருப்பதே யாகோப்சன் நாற்காலியின் நகல்தான். முதுகில் கைபிடிக்க ஒரு துளை இருக்கும், அசலில் அது கிடையாது. இன்று அந்த நாற்காலி லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனவே நகல் என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை, எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

தேக்கு ஜெயிக்கும் இடமும் உண்டு. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, பிளைவுட்டைத் தொடும். மழைச்சாரல் விழும் திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் தேக்கோ இரும்போதான் சரி. தேக்கில் கீறல் விழுந்தால் இழைத்துவிடலாம். பிளைவுட்டின் மேல்தாள் பெயர்ந்துவிட்டால் உள்ளூர் ஆசாரியால் அதிகம் செய்ய முடியாது.

வீட்டுக்குள்ளே போடவென்றால் புதிய நாற்காலியே போதும். ஜப்பானிய வடிவமைப்பாளர் நொபொரு நகமுரா 1970-களில் ஐகியா நிறுவனத்துக்காக வரைந்த 'போயெங்' சாய்வு நாற்காலி ஹைதராபாத் கடையிலேயே கிடைக்கிறது. அதன் சட்டம் தாள் தாளாக ஒட்டி வளைத்தது. உட்கார்ந்தால் முன்னும் பின்னும் லேசாக ஊசலாடும். எந்தக் கடையானாலும் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். தாள்கள் ஒரே கனத்தில், இடைவெளியில்லாமல், வளைவு முழுவதும் அறுபடாமல் ஓடவேண்டும். நடுவில் கறுப்பாக ஓட்டை தெரிந்தால் உள்தாளில் துண்டு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். நாணயத்தால் இருக்கை முழுக்கத் தட்டிப் பார்த்தால், பசை விட்ட இடம் சத்தத்தில் தனியாகத் தெரியும். ஓரத்துக்குப் பட்டை ஒட்டியோ கனமாகப் பெயின்ட் பூசியோ வைத்துவிட்டு, கவிழ்த்துக் காட்டவும் கடைக்காரர் தயங்கினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.