குளவிக்கு ஏஜென்ட் இல்லை

மரவள்ளி மாவுப்பூச்சியில் ஆண் கிடையாது. அத்தனையும் பெண். ஜாதகப் பொருத்தம், பெண் பார்க்கும் படலம், பஜ்ஜி, சொஜ்ஜி எதுவும் இல்லாமல் ஒவ்வொன்றும் தானாகவே சில நூறு முட்டைகள் இடும். பொரிப்பதெல்லாம் பெண். அவையும் அப்படியே. முப்பது தாண்டியும் பெண் கிடைக்காமல் வாரா வாரம் தரகருக்கு போன் போடும் நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கள்ளக்குறிச்சி விவசாயிகளும் சிரிக்கவில்லை. அவர்கள் காரணம் வேறு.

கள்ளக்குறிச்சி, 2019-ல் விழுப்புரத்திலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு தனி மாவட்டமான ஊர். அங்கிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏற்றம் ஆரம்பம். கீழே நெல்லும் கரும்பும். மேலே சாமை, தினை. மேலே கீழே என்று பேதம் பார்க்காமல் இரண்டு இடத்திலும் இருப்பது மரவள்ளி. தோண்டினதும் லாரி ஏறி, சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கம் சேகோ மில்லுக்குப் போய்விடும். போன மாசம் ஆபீஸ் பார்ட்டியில் நீங்கள் இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்த ஜவ்வரிசிப் பாயசம், இந்த மலைச் சரிவில் எட்டுப் பத்து மாசம் மண்ணுக்குள் இருந்துவிட்டு வந்த கிழங்காகவும் இருக்கலாம்.

அந்தக் கிழங்குச் செடியின் குருத்தில்தான் நமது கன்னிப்பூச்சி உட்காரும். சாறை உறிஞ்சும். நுனி இலைகள் விரிய மாட்டாமல் சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி கொத்தாகிவிடும். தண்டு கோணல்மாணலாக வளரும். நட்ட இரண்டு மூன்று மாசத்தில் இது வந்தால் கிழங்கு எங்கே பருக்கும்? உழவுக் கூலி, நடவுக் கூலி, உரக்கடைப் பாக்கி, பெண்டாட்டி கம்மலை அடகு வைத்த வட்டி எல்லாம் மண்ணுக்கு மேலே பருத்துக்கொண்டிருக்கும்.

இந்தப் பூச்சிக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. மரவள்ளிக்கும் அதுதான் சொந்த ஊர். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து, கேரளாவில் இறங்கி, 1880-களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் தூக்கிவிட்டு, அப்புறம் நம் பக்கம் வந்த பயிர். செடி கப்பலேறிய காலத்தில் இந்தப் பூச்சி டிக்கெட் வாங்கவில்லை. 1970-களில்தான் முதலில் ஆப்பிரிக்காவில் போய் இறங்கியது. அங்கே கோடிக்கணக்கான பேருக்கு மரவள்ளிதான் சோறு. நமக்கு அரிசி ஒரு சீஸன் மொத்தமாகப் போனால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். அப்படி ஆனது அங்கே.

ஹான்ஸ் ஹெரன் என்று ஒரு ஸ்விட்சர்லாந்துக்காரர். நைஜீரியாவில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மருந்தடித்து மாளாது, பூச்சியின் சொந்த ஊரில் அதற்கு ஒரு எமன் இருப்பான், அவனைக் கூட்டிவருவோம் என்பது அவர் கணக்கு. தென் அமெரிக்காவின் வட பக்கத்தில் தேடினார்கள். அச்சு அசலாக ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதைத் தின்னும் குளவிகளும் கிடைத்தன. அங்கேதான் குழப்பம். கிடைத்தது ஒன்றுவிட்ட அக்கா! அதில் ஆண் இருந்தது. அக்காவைப் பிடித்த குளவிகள் தங்கையை ஏறெடுத்துப் பார்க்க மறுத்துவிட்டன. திரும்பவும் தேடல். 1981-ல் பராகுவே நாட்டில், கொலம்பியா ஆராய்ச்சி நிலையம் ஒன்றைச் சேர்ந்த டோனி பெலாட்டி என்பவர் அசல் பூச்சியைக் கண்டுபிடித்தார். அதோடு அதன் எமனும் அகப்பட்டது. அனாகைரஸ் லோபெஸி. பெயர்தான் நீளம். ஆள் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது.

இந்தக் குளவி செய்வது கொஞ்சம் கொடூரம்தான். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே புழு பொரித்து, வீட்டுக்காரரையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, கடைசியில் வெறும் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு இன்னொரு குளவியாக வெளியே வரும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு ரவுண்டு முடிந்துவிடும். (வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகர்கள் இதில் உத்வேகம் பெற வேண்டாம்.) மனுஷனைக் கொட்டாது.

பராகுவேயிலிருந்து இங்கிலாந்து போய், அங்கே பரிசோதனை முடிந்து நைஜீரியா வந்து, 1981 கடைசியில் வயலில் விட்டார்கள். அப்புறம் நாடு நாடாக, சில இடங்களில் விமானத்திலிருந்துகூட. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. எனக்குப் பரிசைவிடப் பிடித்தது ஒரு கணக்கு. ரிச்சர்ட் நார்கார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1988-ல் போட்டது. இந்த வேலைக்குச் செலவழித்த ஒவ்வொரு 1 ரூபாய்க்கும் (அவர் டாலரில் சொன்னார்) திரும்பி வந்த பலன் 149. பேங்க் ஃபிக்ஸட் டெபாசிட்டில் 7 பர்சென்ட்டுக்கு க்யூவில் நிற்கும் ஜாதி நாம்!

2008-ல் பூச்சி தாய்லாந்துக்குப் போனது. 2009-ல் அவர்கள் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருக்கும் அதே நிலையத்தின் கிளையைக் கேட்டார்கள். 500 குளவி கொடுத்தார்கள். அதைப் பெருக்கி விட்டார்கள். 2020-ல் பூச்சி கேரளாவில், திருச்சூர் பக்கம் தென்பட்டது. அப்புறம் தமிழ்நாட்டு மரவள்ளிப் பிரதேசம். 2021-ல் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள மையம் அதே பெனினைக் கேட்டது. அவர்கள் கொடுத்தார்கள். பூட்டிய அறையில் வைத்து, இது வேறு நல்ல பூச்சிகளுக்கு ஊறு செய்யுமா என்று பார்த்துவிட்டு, 2022 மார்ச்சில் வயலில் விட்டார்கள். எங்கே? கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இருக்கும் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்.

நான் பி.காம். முதல் வருஷம் எங்கள் பேராசிரியர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்ன சூத்திரம்: உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் என் ஸ்டாக்கில் ஒரு மூட்டை குறைய வேண்டும். இந்தக் குளவி விஷயத்தில் பராகுவேக்கு என்ன குறைந்தது? பெனினுக்கு என்ன குறைந்தது? இந்த பேலன்ஸ் ஷீட்டை எந்த ஆடிட்டரிடம் கொடுத்தாலும் கையெழுத்துப் போட மாட்டார்.

மரவள்ளிக்கு இது புதுசும் இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயாப் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோனது. சேலத்தில் வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியாரும், கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தெரிந்த பினாங்கு பொபட்லால் ஷாவும் கூட்டு சேர்ந்து 1943-ல் ஆரம்பித்ததுதான் சேலத்துச் சேகோ தொழில். ஷா தன் வித்தையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் இன்றைக்குச் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு (2023-ல் கிடைத்தது) ஏது? வயலில் போய் ரகத்தின் பெயர் கேட்டுப் பாருங்கள். முள்ளுவாடி என்பார்கள், குங்கும ரோஸ் என்பார்கள். பர்மா என்பார்கள், தாய்லாந்து என்பார்கள். எச்-226 என்றால் திருவனந்தபுரம் ஆராய்ச்சி நிலையத்துக் குழந்தை.

ஆனால் பகிர்ந்து கொள்வதில் ஒரு வம்பும் இருக்கிறது. மரவள்ளிக்கு விதை போடுவதில்லை. குச்சியை வெட்டி நடுவதுதான். 'உங்க குச்சி நல்லா இருக்கே மாமா, ரெண்டு கட்டு குடுங்க' என்றால் மாமா கொடுத்துவிடுவார். அந்தக் கட்டோடு மாவுப்பூச்சியும் போகும், தேமல் நோயும் போகும். நல்ல மனசே பூச்சிக்கு பஸ் பாஸ். குச்சி வாங்கும்போது எந்தக் காட்டிலிருந்து வந்தது, குருத்து சுருண்டிருந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். சொந்த மாமாவாகவே இருந்தாலும்.

குளவி கதையில் என் மண்டையைக் குடைந்த கேள்வி ஒன்று. பெனினிலிருந்து பெங்களூரு வந்தாயிற்று, பெங்களூரிலிருந்து ஏத்தாப்பூர் வந்தாயிற்று. ஏத்தாப்பூரிலிருந்து ஒரு விவசாயியின் காதுக்கு எப்படி வரும்?

பூச்சிமருந்துக்கு வழி இருக்கிறது. கம்பெனி, டீலர், கடை, சுவரில் விளம்பரம், காலண்டர், இலக்கைத் தாண்டினால் கடைக்காரருக்கு பாங்காக் டூர். குளவிக்கு ஏஜென்ட் இல்லை. கமிஷன் இல்லை. அது ஒரு தடவை செட்டிலாகிவிட்டால் பிறகு தானே பெருகிக்கொள்ளும். மறு ஆர்டரே வராத சரக்கை எந்த வியாபாரி விற்பான்? அதைவிடச் சிக்கல், அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான சேதி, 'கண்டபடி மருந்து அடிக்காதே' என்பது. அடித்தால் மாவுப்பூச்சி தன் வெள்ளை மாவுக்குள் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளும். குளவிதான் முதலில் சாகும். 'இதைச் செய்' என்று சொல்ல ஆயிரம் பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். 'சும்மா இரு' என்று சொல்லத்தான் ஆள் குறைவு. குருத்து சுருண்டு கிடக்கும்போது சும்மா இருப்பதற்கு நெஞ்சில் தைரியமும் வேண்டும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு முன் அனுபவம் உண்டு. 2008-ல் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று கை வைத்தது. எத்தனையோ மருந்து அடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. 2010-ல் அமெரிக்க விவசாய இலாகா உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வேறு ஒரு குட்டிக் குளவி வந்தது. விட்ட இடத்தில் எல்லாம் வேலையைக் காட்டியது. அப்போது பார்த்த விவசாயிக்குக் குளவி என்றால் நம்பிக்கை உண்டு. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த அவர் மகனுக்கு இன்னொரு தடவை யாராவது சொல்லியாக வேண்டும்.

யார் சொல்கிறார்கள் என்று பார்க்க வெள்ளிமலை போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். மலைக்காரர். இரண்டு ஏக்கர் குச்சிக் கிழங்கு, பாக்கியில் சாமை.

"பூச்சி வந்துச்சா ஐயா?"

"வராம? குருத்தெல்லாம் கொத்திக்கிச்சு."

"மருந்து அடிச்சீங்களா?"

"என்னா தம்பி, மருந்து அடிக்கத் தண்ணி வேணாமா? சரிவுல குடத்தைத் தூக்கிக்கிட்டு எவன் ஏறுறது? மருந்துக்கும் காசு வேணும். உட்டுட்டேன்."

"அப்புறம்?"

"கீழ அடிவாரத்துல எங்க சம்பந்தி மூணு தபா அடிச்சாரு. அப்பவும் கொத்திக்கிட்டேதான் நின்னுச்சு. எங்க மச்சான் மவன் ஏத்தாப்பூருக்குப் போயி ஒரு டப்பா வாங்கியாந்தான். தொறந்தா கொசுவாட்டம் பறக்குது. இதுக்கா பஸ் சார்ஜுன்னு சிரிச்சோம். அவன்தான் சொன்னான், மருந்து மட்டும் அடிச்சிடாதீங்கன்னு. நம்மளைப் பாத்து அதைச் சொல்றான் பாரு!"

அந்தப் பையன் அத்தோடு நிற்கவில்லையாம். கொஞ்ச நாள் கழித்து, குளவி வேலை செய்த குருத்துகளை ஒடித்து, பையில் போட்டு, அடிவாரத்து சம்பந்தி காட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். செத்த பூச்சிக்குள்ளிருந்து குளவி அங்கே வெளியே வந்து குடித்தனம் ஆரம்பிக்கும். மருந்து டப்பாவைக் கீழே வைக்கச் சொல்லி சம்பந்தியோடு அவன் போட்ட சண்டையைப் பெரியவர் நடித்தே காட்டினார். டீக்கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து வேடிக்கை பார்த்தார். பெஞ்சில் இருந்த இன்னொருத்தர், "அந்தத் தம்பி போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பெனினிலிருந்து கிளம்பிய சமாசாரம் என் கண்ணெதிரே இன்னொரு காட்டுக்குப் போயிற்று.

கிளம்பும்போது பெரியவர் கிழங்கு விலை பற்றிச் சொன்னார். மில்லில் எடைக்கு மட்டும் காசு கிடையாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பாயிண்ட் எத்தனை என்று தரகர் சொல்வதுதான் கணக்கு. இவர் எதிரில் யாரும் அளந்து காட்டியதில்லை.

"ஏன் தம்பி, தரகரைத் தின்ற குளவி ஏதாச்சும் அந்தத் தேசத்துல இருக்குதா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.