ஒரு வெட்டா, இரண்டு வெட்டா? கிட்டார் வாங்கப் போகும் பெற்றோருக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் பழகும் பிள்ளை இருந்தால் முழுக்கப் படியுங்கள். இல்லாவிட்டால், இருக்கிற வீட்டுக்கு அனுப்பி விடுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் போன வாரம் போன் செய்தான். அவன் மகன் இரண்டு வருஷமாகக் கிட்டார் பழகுகிறான். கையில் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி, இரண்டு பக்கமும் கொம்பு வைத்த கிட்டார். கம்பி வாங்கப் போன கடையில், "தம்பி, இது டபுள் கட். இதில் கனமான டோன் வராது. சிங்கிள் கட் வாங்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பையன் பழைய கிட்டாரைத் தொடுவதில்லை. அப்பன் நகைக் கடனுக்கு யோசிக்கிறான். "சார், நீங்க அந்தக் காலத்துல இன்னிசைக் குழுவுல வாசிச்சவர்தானே, சொல்லுங்க" என்றான். அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடையில் சொன்னது தப்பு. வியாபாரத்துக்காகச் சொல்லும் தப்பு.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கிட்டாரின் நெக் உடம்போடு சேரும் இடத்தில், உயரமான சுரங்கள் இருக்கும் ஃப்ரெட்டுகளுக்கு விரல் எட்டுவதற்காகத் தோள்பட்டை மரத்தை வெட்டியிருப்பார்கள். ஒரு தோளை மட்டும் வெட்டினால் சிங்கிள் கட், இரண்டையும் வெட்டினால் டபுள் கட். முதலாவதற்குப் பேர்போனது 1952ல் கிப்சன் கொண்டுவந்த லெஸ் பால். இரண்டாவதற்கு 1954ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். வெட்டினதே விரலுக்காக. காதுக்காக அல்ல.

கடையில் என்ன செய்கிறார்கள்? ஒரு லெஸ் பால் வகையையும் ஒரு ஸ்ட்ராட் வகையையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுகிறார்கள். ஒலி வேறாகத்தான் கேட்கும். "பாத்தீங்களா, சிங்கிள் கட்!" என்கிறார்கள்.

பிள்ளைகளே, வகுப்பில் பயறு முளைக்க வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு டம்ளருக்குத் தண்ணீர், இன்னொன்றுக்குக் கிடையாது. மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். தண்ணீர், வெயில், மண், விதை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, "தண்ணீரால்தான் முளைத்தது" என்று எழுதினால் நான் மதிப்பெண் போட்டிருப்பேனா?

இங்கே எத்தனை மாறுகிறது, எண்ணுங்கள். லெஸ் பாலில் 1957 முதல் பெரும்பாலும் இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப். ஸ்ட்ராட்டில் ஒற்றைச் சுருள். லெஸ் பாலில் அதிரும் கம்பியின் நீளம் 24.75 அங்குலம். ஸ்ட்ராட்டில் 25.5. லெஸ் பாலில் நெக்கை ஒட்டியிருப்பார்கள், ஸ்ட்ராட்டில் திருகாணி. ஒன்றில் அசையாத பிரிட்ஜ், மற்றதில் ஸ்பிரிங் வைத்தது. மரமும் வேறு. இத்தனையையும் மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் வெட்டுக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

கம்பி நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 25.5ஐ 24.75ஆல் வகுத்தால் 1.03. அதன் வர்க்கம் 1.06. அதாவது ஸ்ட்ராட்டில் கம்பி சுமார் 6 சதவீதம் கூடுதல் விறைப்பு. கையில் உணரும் வித்தியாசத்தில் ஒரு பங்கு இது. இதற்கும் தோள் வெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சிங்கிள் கட் என்றால் கனத்த ஒலி என்பது விதியானால், ஃபெண்டர் டெலிகாஸ்டர் என்ன? அதுவும் சிங்கிள் கட்தான். கூர்மையான, பளிச்சென்ற ஒலிக்குப் பேர் வாங்கியது. டபுள் கட்டில் கனம் வராது என்றால், கிப்சன் எஸ்ஜி என்ன? இரண்டு கொம்பு வைத்த அந்தக் கிட்டாரை வைத்துத்தான் பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி ஹெவி மெட்டலுக்கே அடித்தளம் போட்டார். ஏசி/டிசி குழுவின் ஆங்கஸ் யங் கையிலும் எஸ்ஜிதான். லெஸ் பாலோடு படம் எடுத்துக்கொண்ட ஜிம்மி பேஜ், 1969ல் வந்த லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் வாசித்தது டெலிகாஸ்டர். கேட்டுப் பாருங்கள், மெலிந்த ஒலியா அது?

ஒழுங்கான ஒப்பீடு வேண்டுமா? கிப்சனே அதைச் செய்து வைத்திருக்கிறது. லெஸ் பால் ஜூனியர் 1954ல் சிங்கிள் கட்டாக வந்தது. 1958ல் டபுள் கட் ஆக்கினார்கள். மஹோகனி உடம்பு, ஒரே ஒரு பி-90 பிக்கப், 24.75 அங்குலம், கம்பி சுற்றிப் போகும் அதே வகை பிரிட்ஜ், எதுவும் மாறவில்லை. மாறியது தோள். பலன் என்ன? விரல் 22 ஃப்ரெட் வரை தடங்கல் இல்லாமல் போனது. ஜூனியர் அப்போதும் ஜூனியராகத்தான் ஒலித்தது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். இரண்டு தோளையும் வெட்டினால் நெக் பொருந்தும் இடத்தில் மரம் குறையும். நெக் சற்று வளைந்து கொடுக்கலாம். 1959ல் டபுள் கட் ஆன லெஸ் பால் ஸ்பெஷலில் அந்த இணைப்பு பலவீனமானதால், நெக் பக்கத்துப் பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளி வைத்தார்கள். பிக்கப் இடம் மாறினால் ஒலி மாறும், உண்மை. அப்போதும் மாற்றத்தைக் கொண்டுவந்தது பிக்கப். தோளில் போன ஒரு கைப்பிடி மரத்தால் துளி வித்தியாசம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை 2 மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினால் அதைவிடத் தெளிவான மாற்றம் கேட்கும். செலவு இல்லை.

இன்னொன்று. அமெரிக்கச் சட்டத்தில், ஒரு பொருள் வேலை செய்யத் தேவையான அம்சத்தை வணிகச் சின்னம் என்று சொந்தம் கொண்டாட முடியாது. கிப்சன் லெஸ் பாலின் உருவத்தை வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்து, சிங்கிள் கட் கிட்டார் செய்த பால் ரீட் ஸ்மித் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் விதித்த தடையை 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. தீர்ப்பு கிடக்கட்டும். நீதிமன்றத்தில் அந்த உருவம் நிறுவனத்தின் அடையாளம். கடைக்கு வந்ததும் அதுவே டோன் தரும் மந்திரம் ஆகிவிடுமா?

அப்படியானால் வெட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, கையிலும் தோளிலும். லெஸ் பாலில் 16வது ஃப்ரெட்டைத் தாண்டினால் உள்ளங்கை மரத்தில் இடிக்கும். எஸ்ஜியில் தாராளமாகப் போகலாம். ஆனால் எஸ்ஜியின் உடம்பு லேசு என்பதால் நெக் கீழே சாயப் பார்க்கும், இடது கையால் தாங்க வேண்டிவரும். ஸ்ட்ராட்டின் நீண்ட மேல் கொம்பில் ஸ்ட்ராப் மாட்டுவதால் சமநிலை கிடைக்கும். லெஸ் பால் பல நேரம் 4 கிலோவைத் தாண்டும். வளரும் பிள்ளையின் தோளில் ஒரு மணி நேரம் தொங்கினால் அந்த எடை தெரியும். வடிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது இதற்காக.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் புதுக் கம்பி போட்டு, பிக்கப் உயரத்தைச் சரி செய்யுங்கள். ஆம்பில் குமிழ்களைத் திருகிப் பாருங்கள். அப்புறமும் கனம் போதவில்லையா? ஒற்றைச் சுருள் பிக்கப் இருக்கும் இடத்திலேயே பொருந்தும் ஹம்பக்கர் கிடைக்கிறது. மாட்டிக்கொள்ளுங்கள், புதுக் கிட்டாரில் சிறு பங்கு செலவுதான். புதிது வாங்கியே தீர வேண்டுமானால் பிள்ளையை நிற்க வைத்து, ஸ்ட்ராப் மாட்டி, அரை மணி நேரம் வாசிக்க விடுங்கள். ஒரே ஆம்ப், ஒரே அமைப்பு. நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள்.

எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை. 36 வருஷம் பாடம் நடத்தியவன் நான். "உன் கருவி சரியில்லை" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் பிள்ளை பழகுவதை நிறுத்திவிடும். விரலில் குறை இருந்தாலும் மரத்தைக் காட்டிவிடும். இரண்டு வருஷ உழைப்பை ஒரு நிமிஷப் பேச்சில் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை, கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்கும் சேர்த்துத்தான்.

மறுப்பவர்கள் தாராளமாகக் கமெண்டில் வாருங்கள். ஒரு நிபந்தனை: பிக்கப், கம்பி நீளம், பிரிட்ஜ், ஆம்ப் நான்கும் ஒன்றாக உள்ள இரண்டு கிட்டார்களின் பதிவைப் போடுங்கள். எது எத்தனை வெட்டு என்று பெயர் எழுத வேண்டாம். கேட்டுச் சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்