விரதம் இருப்பவருக்கு எந்த மாத்திரை?

ஸ்ரீரங்கத்தில் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு, ஏகாதசியன்று பிற்பகல் போன் அடித்தாலே மனசு பதைக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் 60, 70 வயது மாமாக்கள், மாமிகள் பலர் அன்று பட்டினி. சிலர் பால், பழம் எடுத்துக்கொள்வார்கள். சிலருக்குத் துளசித் தீர்த்தம் மட்டும்தான். வைகுண்ட ஏகாதசி என்றால் பரமபத வாசலுக்காக விடிய விடிய வரிசையில் நிற்பதும் சேர்ந்துகொள்ளும். சாப்பாட்டை விடுகிறவர்கள் மாத்திரையை மட்டும் விடுவதில்லை. டாக்டர் எழுதியதை நிறுத்தலாமா என்ற பயம்.

சித்திரை வீதியில் ஒரு வீட்டுக்கு அப்படித்தான் ஓடினேன். மாமியின் புடவை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. “விரதக் களைப்புதான், நாளைக்குப் பாரணை பண்ணினா சரியாப் போயிடும்” என்றார் மாமா. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 46. 70க்குக் கீழே இறங்கினாலே கவலைப்பட வேண்டும். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தவர், “ஏகாதசி போச்சே டாக்டர்” என்று அழுதார்.

அவர் சாப்பிட்டுவந்தது கிளிபென்கிளமைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையை நிறுத்தாது. வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் மருந்து உடம்பிலேயே தங்கி, ராத்திரி வரை சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். கூடவே பிரஷருக்கு அட்டினலால் சாப்பிட்டால் படபடப்பும் கை நடுக்கமும் அமுங்கிப்போகும், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது.

அதே இனத்தைச் சேர்ந்த கிளிமிபிரைடை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிற 40 வயதுக்காரருக்கு அது மலிவான, நல்ல மருந்து. ஆனால் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக எழுதிவிட்டால், விரத நாளில் அதை மட்டும் விட வழியில்லை. வயதானவர்களுக்குத் தனித்தனியாக எழுதுவதே நல்லது.

இவற்றுக்கு மாற்றான மாத்திரைகளுக்கு விலை அதிகம் என்ற காரணமும் முன்போல் இல்லை. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரிலும் சிட்டாகிளிப்டினுடையது 2022 ஜூலையிலும் முடிந்து, பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. 2022இல் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் சிட்டாகிளிப்டின் 10 மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது. மெட்ஃபார்மினோடு மட்டும் இவற்றைச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது அபூர்வம்.

ரமலான் நோன்புக்கென்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வருபவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே என்னிடம் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொண்டு போகிறார்கள். மாதம் இரண்டு முறை வரும் ஏகாதசிக்கு நோயாளியும் கேட்பதில்லை, டாக்டரும் கேட்பதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. மனதாரப் பாராட்டுகிறேன். பிரஷர் பார்க்க வரும் அந்தத் தன்னார்வலர் “விரதம் இருப்பீங்களா?” என்றும் கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளட்டும். 60 தாண்டியவருக்கு கிளிபென்கிளமைடு எழுதுவதை அரசு மருத்துவர்களும் என்னைப் போன்ற தனியார் மருத்துவர்களும் அடியோடு நிறுத்த வேண்டும். தில்லைநகரில் பெரிய டாக்டரிடம் காட்டுபவர்கள், விரத நாளில் எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதத்தில் இறங்கவே வேண்டாம்.