உதறும் ஸ்டீயரிங்கும் கண்டுபிடிக்கும் கூலியும்



இன்றைய பாடத்தில் கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல் பக்கம் பழைய மகிந்திரா ஜீப் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்எம் 540, கமாண்டர், மேஜர் என்று தோட்டத்துக்கும் மலைக்கும் ஓட்டுகிறார்கள். இந்த வண்டிகளில் வருகிற ஸ்டீயரிங் உதறலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதறல் வந்தால் சாமான் வாங்குவதற்கு முன்னால், எங்கே ஆட்டம் என்று கண்டுபிடித்துச் சொல்கிறவருக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் பணத்தையும் விடுகிறோம், உயிரையும் பணயம் வைக்கிறோம்.

உதறல் என்பது என்ன? இந்த ஜீப்புகளில் முன் சக்கரம் இரண்டும் லாரியைப் போல ஒரே ஆக்ஸிலில் நிற்கின்றன. சக்கரம் திரும்புவது கிங்பின்னைச் சுற்றி. டை ராட் இரண்டு சக்கரத்தையும் இணைக்கிறது. இதில் எங்காவது ஆட்டம் இருந்தால், ஒரு குழியிலோ பாலத்தின் இணைப்பிலோ ஏறும்போது சக்கரம் ஒரு பக்கம் எகிறும். திரும்பி வரும்போது நேரே நிற்காமல் மறுபக்கம் போகும். ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளிவிடுகிற மாதிரி, வண்டியின் ஓட்டமே அந்த ஆட்டத்தைத் தள்ளிக் கொடுக்கும். இரண்டு மூன்று நொடியில் ஸ்டீயரிங் கையில் நிற்காது. அமெரிக்காவில் இதற்கு 'டெத் வாபிள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே சாவு இருக்கிறது.

நம் ஊரில் இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும், ஏற்காட்டின் 20 வளைவிலும் வண்டி மெதுவாகத்தான் போகும். உதறல் தலைகாட்டாது. "மலையிலேயே நல்லா ஓடுதுங்க சார்" என்பார்கள். காரவள்ளியில் இறங்கி, சமவெளி ரோட்டில் ஐம்பது அறுபதில் போகும்போதுதான் அது வரும். அதுவும் நான்குவழிச் சாலையில், பக்கத்தில் லாரி போகும்போது வந்தால்? மலை ஏறி இறங்கியது ஸ்டீயரிங்குக்குச் சான்றிதழ் ஆகாது.

ஓடும்போது உதறினால் செய்ய வேண்டியது: ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடியுங்கள். கட்டைவிரலை வளையத்துக்குள் விடாதீர்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகம் தானாக இறங்க, இடது ஓரம் ஒதுங்குங்கள்.

எங்கள் அக்கா மகன் ஜீப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் டேம்பர் மாற்றினார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தது, மறுபடி உதறியது. முன் டயர் இரண்டும் மாற்றினார்கள். அப்புறம் ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றி வேலை பார்த்தார்கள். கேட்ட பணத்தைக் கேட்டபடி கொடுத்தான். கடைசியில் லாரி வேலையிலேயே காலம் கழித்த ஒரு பெரியவர் வந்தார். ஜாக்கி போட்டார், சக்கரத்தை ஆட்டினார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார், மறுபடி ஆட்டினார். "கிங்பின் பேரிங் போச்சு தம்பி" என்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் கேட்ட கூலிக்கு இவன் பேரம் பேசினான்! "தேவையில்லாத டயருக்குப் பேரம் பேசினியா கண்ணு?" என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தப் பெரியவர் பார்த்த வரிசையை இங்கே எழுதுகிறேன். செலவில்லாத சோதனைகள் முதலில்.

1. எப்போது உதறுகிறது? நல்ல ரோட்டிலும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் என்றால் டயர், ரிம், பேலன்சிங். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரம். குழியில் விழுந்ததும் ஆரம்பித்து, வேகம் குறைந்தால்தான் நிற்கும் என்றால் பெரும்பாலும் எங்கோ ஆட்டம்.

2. காற்றழுத்தம் பாருங்கள். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றி ஓட்டுங்கள். உதறல் மாறினால் குற்றவாளி டயர் பக்கம்.

3. சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் லேசாகத் திருப்பட்டும். இன்னொருவர் அடியில் படுத்து, டை ராட் எண்ட், டிராக் லிங்க் என்று ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டு தேய்ந்த மூட்டு. ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் உறுதியாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

4. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். கிங்பின் பேரிங் நன்றாக இருந்து தளர்ந்து மட்டும் இருந்தால் ஷிம் எடுத்து இறுக்கலாம். குழி விழுந்த பேரிங்கை மாற்றத்தான் வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்டீயரிங் கனத்துப்போய்த் தானாகத் திரும்பாது.

5. ஸ்பிரிங் பட்டையின் புஷ், ஷேக்கிள், யூ போல்ட்.

6. இவை எல்லாம் சரியான பிறகு அலைன்மெண்ட். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்ப்பது ஆடுகிற பலகையில் கோடு போடுவது போல. உயரத்துக்காக நீள ஷேக்கிள் போட்டவர்கள் கேஸ்டர் கோணத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சக்கரத்தை நேரே வைத்திருப்பது அந்தக் கோணம்தான்.

டேம்பர் இந்த வரிசையிலேயே இல்லை, கவனித்தீர்களா? அது காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணி. சூட்டைக் கொஞ்சம் அடக்கும், நோய் உள்ளேயே இருக்கும். "பழைய ஜீப்னா அப்படித்தாங்க உதறும்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மகிந்திரா முதலில் நம் நாட்டில் கோக்க ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்புக்கு டேம்பரே கிடையாது. மூட்டுகள் இறுக்கமாக இருந்தவரை அவை நேராகத்தான் ஓடின.

"கண்டுபிடிக்கக் காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றினால்?" என்று கேட்பீர்கள். காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டை உங்கள் கையாலேயே ஆட்டிப் பார்க்கலாம். காட்ட முடியாதவருக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் இன்றைக்கு நாம் பார்வைக்குக் காசு தருவதில்லை. சாமானுக்கு மட்டும் தருகிறோம். அப்படியானால் பட்டறைக்காரர் சாமானைத்தான் விற்பார். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று பார்க்காமல் டியூஷனை மாற்றிக்கொண்டே இருக்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதே கதைதான்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, பில்லில் 'பரிசோதனைக் கூலி' என்று ஒரு வரி தயங்காமல் எழுதுங்கள். ஜீப் வைத்திருக்கிறவர்களே, அந்த வரியை அடிக்கச் சொல்லாதீர்கள். மலையிலிருந்து சந்தைக்கு ஆட்களை ஏற்றி வருகிறவர்கள் இந்த வாரமே நாலாவது சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்டு, கூட ஓர் ஆள் போதும்.

செய்து பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். படித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்